யாருக்கு என்று கேட்காமல் பறித்த வேர்

மலைகளுக்கு மனிதர்கள் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. கருவிளை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மருதவேள் என்ற அரசன் ஆண்டான். நாட்டின் ஓரத்தில் ஒரு காடு. காட்டின் ஓரத்தில் ஒரு குடிசை. அந்தக் குடிசையில் தத்தை என்றொரு மருத்துவச்சி இருந்தாள். அரசன் வருகிறானே, இது அரசன் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இது அந்த மருத்துவச்சியின் கதை.

தத்தை என்றால் கிளி. ஆனால் அவளுக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை, கூச்சம். நாலு பேர் கூடிய இடத்தில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. யாராவது உரக்கப் பேசினால் அவள் கழுத்து தோளுக்குள் போய்விடும்.

"உனக்குப் பேர் வச்ச அன்னிக்கு உங்க அப்பன் நல்லாக் கள்ளு குடிச்சிருக்கணும் புள்ள. ஆமைன்னு வைக்க வேண்டியதைக் கிளின்னு வச்சுட்டான்" என்று அவள் கணவன் காரி சிரிப்பான். காரி ஆடு மேய்ப்பவன். அவள் பேசாததையும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

வாய் செய்யாத வேலையை அவள் கண் செய்தது. நோயாளி வாசலில் நுழையும்போதே எந்தக் காலை இழுக்கிறான், எந்தப் பக்கம் சாய்ந்து மூச்சு வாங்குகிறான், நகத்தில் என்ன நிறம், கண்ணின் ஓரத்தில் என்ன மஞ்சள் என்று எல்லாம் பார்த்துவிடுவாள். பார்ப்பாள், மருந்து கொடுப்பாள், குனிந்துகொள்வாள்.

அவளுடைய மருந்துகளில் பெரிய மருந்து ஆடாதோடை.

காட்டில் மரநிழலில் ஆள் உயரத்துக்கு வளரும் செடி அது. மாவிலை போல நீண்ட இலை. சிங்கம் வாய் பிளந்தது போல வெள்ளைப் பூ. கோடையில் காடே சருகாகிக் கிடக்கும்போதும் அது மட்டும் பச்சையாக நிற்கும். ஆடு எதைத்தான் தின்னாது? முள்ளைத் தின்னும், கூரையைத் தின்னும், காரியின் மேல்துண்டைக்கூடத் தின்றிருக்கிறது. ஆனால் ஆடாதோடையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அவ்வளவு கசப்பு.

அந்தக் கசப்பைத் தேடி மூன்று வகை மனிதர்கள் தத்தையிடம் வருவார்கள். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைக்கிறவர்கள் வருவார்கள். இருமி இருமி இரத்தம் துப்புகிறவர்கள் வருவார்கள். திருவிழா நெருங்கும் நேரத்தில் குரல் கம்மிப்போன கூத்துக்காரர்கள் வருவார்கள். இலைச் சாற்றில் தேன் கலந்து கொடுப்பாள். மூன்று வகையும் நலமாகித் திரும்பும்.

நான்காவதாக ஒரு வேலையும் அந்தச் செடிக்கு உண்டு. அது பெண்களுக்கு மட்டும் தெரிந்த வேலை. வலி எடுத்தும் பிள்ளை இறங்காமல் ஒருத்தி துடிக்கும்போது, ஆடாதோடை வேரை அரைத்து அவள் அடிவயிற்றில் பூசுவார்கள். பிள்ளை இறங்கும். நேரம் வந்த பிள்ளையை இறக்கிக் கொடுக்கும் வேர், நேரம் வராத பிள்ளையையும் இறக்கிவிடும். ஆகவே சூல்கொண்ட பெண் வாயில் அந்த வேரின் கசாயம் ஒரு மிடறும் படக்கூடாது. தத்தை கைக்கு மருந்து வந்த நாளிலிருந்து அவள் அறிந்தது இது.

அந்தக் காட்டு மக்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூலிகையைச் சும்மா பறிக்கமாட்டார்கள். மஞ்சள் நனைத்த நூலை அதன் தண்டில் கட்டுவார்கள். அதை மும்முறை சுற்றி வருவார்கள். சுற்றும்போது வாய்விட்டு மூன்று சொல்ல வேண்டும். இன்னாருக்கு, இன்ன நோய்க்கு, வேறு வழியில்லாமல். இந்த மூன்றையும் சொல்லிப் பறித்தால் மருந்து. சொல்லாமல் பறித்தால் களவு.

ஒரு நாள் காலையில், பனி முழுதும் விலகுமுன், தத்தையின் குடிசைக்கு ஒரு பெண் வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். சேலை நல்ல சேலை. ஆனால் கீழ்மடிப்பு முழுவதும் முள் கிழித்திருந்தது.

"அக்கா, இருமலுக்கு மருந்து வேண்டும்" என்றாள்.

"யாருக்கு?" என்றாள் தத்தை.

"அரண்மனையில் ஒருவருக்கு. பெயர் சொல்ல உத்தரவில்லை. என் பெயர் வஞ்சி. அந்தப்புரத்தில் சேடி. இவ்வளவுதான் சொல்லலாம்."

அரண்மனை என்ற சொல்லைக் கேட்டதும் தத்தையின் கழுத்து தோளுக்குள் போய்விட்டது. வாய் போனாலும் கண் போகவில்லை. அந்தக் கண் மூன்றைக் கண்டது.

பல்லக்கே வரக்கூடிய பெரிய பாதை இருக்கும்போது, இந்தப் பெண் ஏன் ஆட்டுத்தடத்தில் முள்ளில் கிழிபட்டு வந்தாள்? இது முதலாவது.

"அரண்மனை வைத்தியர் நாடி பார்த்தாரா?" என்று தத்தை பாதிக் குரலில் கேட்டபோது, வஞ்சி பதறிப்போய், "ஐயோ, அவர் நாடி பார்க்கவே வேண்டாம்" என்றாள். நாடி பார்த்தால் எது தெரிந்துவிடும்? இது இரண்டாவது.

இலைக்கு அடங்காத பழைய இருமல் என்று வஞ்சி சொன்னாள். "அப்படியானால் வேர்தான். பத்தியம் உண்டு. புளிப்பு ஆகாது" என்றாள் தத்தை. "துளிகூட ஆகாதா?" என்று கேட்டாள் வஞ்சி. ஆகாது என்றதும், "அது எப்படி முடியும்" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தாள். ஏன் முடியாது? இது மூன்றாவது.

மூன்று கேள்வியும் தத்தையின் தொண்டைவரை வந்தன. உள்ளே ஒரு குரல் சொன்னது, கேள் என்று. இன்னொரு குரல் சொன்னது, அரண்மனை விஷயம், நமக்கு எதற்கு, தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று. அந்த இரண்டாவது குரலை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எவ்வளவு மரியாதையான குரல் அது!

தத்தை மூன்று கேள்வியையும் விழுங்கினாள்.

செடிக்குப் போனாள். நூல் கட்டினாள். முதல் சுற்றில் பெயர் சொல்ல வேண்டும். "அரண்மனைக்கு" என்றாள். அரண்மனை இருமுமா? கல்லும் சுண்ணாம்பும் இருமுமா? அவளுக்கே அது உறுத்தியது. ஆனாலும் இரண்டாவது சுற்றில் இருமல் என்றாள். மூன்றாவது சுற்றில் வேறு வழியில்லை என்றாள். வேரைத் தோண்டினாள், கழுவினாள், தட்டினாள், இலையில் கட்டினாள்.

"எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு, சிறுதீயில் ஒரு பங்காக வற்ற விடு. அவசரப்படாதே. மணம் மாறி, கசப்பு மூக்கில் ஏறும், அப்போது இறக்கு. திப்பிலிப் பொடி தூவி, தேன் விட்டு, ஆறுமுன் குடிக்கச் சொல்."

வஞ்சி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

வெயில் ஏறியது. காரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பினான். தத்தை அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்று சிரித்தான்.

"ஏ புள்ள, இருமலுக்குப் புளி கொடுக்கிற வைத்தியத்தை எப்பக் கத்துக்கிட்ட? என்கிட்டச் சொல்லவே இல்ல!"

"என்ன மாமா?"

"நம்ம மேட்டுப் புளியமரத்துல ஒரு அரண்மனைக்காரி. பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுக் குரங்கு மாதிரி ஏறி நிக்கிறா. மடி நெறையப் பிஞ்சுப் புளி. 'யாருக்கு ஆத்தா இம்புட்டு?'ன்னேன். 'உங்க மருத்துவச்சிகிட்ட இருமலுக்கு மருந்து வாங்கினேன்ல, அவங்களுக்குத்தான். காலையில எழுந்தா இதைத்தான் கேக்குறாங்க'ன்னா. இருமல் வந்தவ பிஞ்சுப் புளி கேப்பாளா? தொண்டை தீயாட்டம் எரியாதா? பெரிய இடத்துப் பெண்களுக்குத் தொண்டையும் வேற மாதிரி போல!"

சிரித்தவன் நிறுத்திவிட்டான். குழவி தத்தையின் கையிலிருந்து நழுவி அவள் கால்விரலில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. வலித்ததாகவே தெரியவில்லை.

ஆட்டுத்தடத்தில் வந்தவள். நாடி பார்க்க வேண்டாம் என்றவள். புளிப்பு இல்லாமல் எப்படி முடியும் என்றவள். பொழுது விடிந்ததும் பிஞ்சுப் புளி கேட்கும் வாய், உலகத்தில் ஒரே ஒரு வாய்தான்.

உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது. அதற்கு நான் வேர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

"மாமா" என்றாள். மேற்கொண்டு வரவில்லை. அவள் எழுந்து ஓடினாள்.

"ஏ! என்னன்னு சொல்லிட்டுப் போ! ஏ தத்தை!"

அவள் பெரிய பாதையில் ஓடினாள். மிளகு அரைத்த கையால் கண்ணைத் துடைத்துவிட்டதால் கண் எரிந்தது. வேர் இந்நேரம் கொதித்திருக்கும். எட்டுப் பங்கு ஐந்தாகியிருக்கும். ஐந்து மூன்றாகியிருக்கும். அவசரப்படாதே, சிறுதீயில் வை என்று நான்தானே சொன்னேன், அந்தப் பெண் சொன்னபடி செய்கிறவளாக இருக்கட்டும் தாயே, அடுப்பை ஊதிவிடாமல் இருக்கட்டும். இதையே சொல்லிச் சொல்லி ஓடினாள்.

கோட்டை வாசலில் இரண்டு காவலர்கள். ஒருவன் தடியன், வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். மற்றவன் இளைஞன், ஈட்டியில் சாய்ந்து நின்றான்.

"நில்! யாரு?" என்றான் தடியன்.

"தத்தை. மருத்துவச்சி."

"யாரைப் பார்க்கணும்?"

"சேடி வஞ்சியை."

"எதுக்கு?"

தத்தை வாயைத் திறந்தாள். மூடினாள். யார், யாரை, எதற்கு என்று கூலிக்கு நிற்கும் காவலன்கூட மூன்று கேள்வி கேட்டுத்தான் உள்ளே விடுகிறான். நான் ஒன்றும் கேட்காமல் ஒரு வயிற்றுக்குள் மருந்தை விட்டேனே! ஓடி வந்த மூச்சோடு அந்த எண்ணம் நெஞ்சில் குத்தி நின்றது.

எதற்கு என்று எப்படிச் சொல்வாள்? நாடியைக்கூடக் காட்டாமல் மறைத்த ஒன்றைக் கோட்டை வாசலில் நின்று கூவவா முடியும்?

"அவசரம், அண்ணா. மருந்து விஷயம்" என்றாள்.

"குடியானவர் குறை கேட்கும் நாள் பௌர்ணமிக்கு அப்புறம். அன்னிக்கு வா."

"வஞ்சியை மட்டும் கூப்பிடுங்கள். ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன்."

"என்ன சொல்? என்கிட்டச் சொல், நான் சொல்றேன்" என்று கண்ணடித்தான் இளைஞன்.

"கையெடுத்துக் கும்பிடுகிறேன், அண்ணா."

"எல்லாரும்தான் கும்பிடுறாங்க. நீ எதுக்குன்னு சொல்லமாட்டேங்கிற. சொல்லாதவளை உள்ளே விட்டா நாளைக்கு என் தலை என்கிட்ட இருக்காது. போ தாயி."

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் இல்லை என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அப்போது மதிலுக்கு மேலாகக் காற்று திரும்பியது. அந்தப்புரத்து அடுக்களைப் புகையோடு ஒரு மணம் வந்தது. பச்சை வாடை போய், மண்வாடை போய், கசப்பு மட்டும் நின்று மூக்கில் ஏறும் மணம். தத்தைக்குத் தெரிந்த மணம். அது கடைசிக் கொதி. இனி இறக்குவார்கள். தேன் விடுவார்கள். ஆறுமுன் குடி என்று சொன்னதும் அவள்தான்.

வாசலின் வலப்பக்கத்தில் ஒரு பெரிய வெண்கல மணி தொங்கியது. நஞ்சு மணி என்பார்கள். மருதவேளின் தகப்பன் விருந்தில் நஞ்சு உண்டு இறந்த பிறகு கட்டிய மணி. அது அடித்தால் அரண்மனையில் யாராக இருந்தாலும், கையில் உள்ளதைக் கீழே வைக்க வேண்டும். வாயில் உள்ளதைத் துப்ப வேண்டும். யார் வேண்டுமானாலும் அதை அடிக்கலாம். ஆனால் பொய்யாக அடித்தவர் தலை யானைக்காலின் கீழ் போகும். அதனாலேயே கட்டிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. கயிற்றில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத தத்தை, அந்தக் கயிற்றில் பாய்ந்து தொங்கினாள்.

மணி அடித்தது. புறாக்கள் கூட்டமாகக் கிளம்பின. தடியன் வெற்றிலையை விழுங்கிவிட்டான். தெருவில் போனவர்கள் அப்படியே நின்றார்கள். மணிக்கு மேலாக ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்பது தத்தைக்கே பிறகுதான் தெரிந்தது.

"அந்தப்புரத்துக்கு வந்த மருந்தில் நஞ்சு! குடிக்காதீர்கள்! கொடுத்தவள் நான்! நான்தான் கொடுத்தேன்!"

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. எந்த வாசல் அவளை உள்ளே விடவில்லையோ, அதே வாசல் வழியாக அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போனார்கள். முதல் கட்டு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் கடந்து, அவைமண்டபத்தில் அரசன் முன்னால் தள்ளினார்கள். வஞ்சியையும் இழுத்து வந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் கசாயம் வைத்த கிண்ணம் வந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

தத்தை கிண்ணத்தைத்தான் முதலில் பார்த்தாள். விளிம்பு ஈரமாக இருந்தது. யாரோ வாய் வைத்திருக்கிறார்கள்.

"நஞ்சு கொடுத்தவளே ஓடிவந்து மணி அடிக்கிறாள். இதை நான் எங்கும் கேட்டதில்லை" என்றான் மருதவேள். அவன் உதடு துடித்தது. தகப்பன் நினைவு வந்திருக்க வேண்டும். "இது யாருக்கு வந்த மருந்து?"

"எனக்குத்தான், அரசே. எனக்குத்தான் இருமல்" என்றாள் வஞ்சி. சொல்லிவிட்டு இருமினாள். நல்ல இருமல் இல்லை அது. தத்தையைப் பார்த்த அவள் கண் மட்டும், சொல்லாதே, சொல்லாதே என்று கெஞ்சியது.

தத்தைக்குப் புரிந்தது. நாட்டுக்கு மட்டுமல்ல, அரசனுக்கே தெரியாமல் ஒரு பிள்ளை இங்கே மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

"ஒரு சேடிக்கு நஞ்சா? எதற்கு? சொல்!" என்றான் அரசன்.

தத்தை குனிந்துகொண்டாள்.

"சொல்லமாட்டாயா? அப்படியானால் நீ கொடுத்ததை நீயே குடி."

தத்தை கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். அடிவரை குடித்தாள். கசப்பில் அவள் முகம் சுருங்கி விரிந்தது. அவ்வளவுதான். அவள் விழவில்லை. நுரை தள்ளவில்லை. அரசன் காத்திருந்தான், அவையோர் காத்திருந்தார்கள், மூலையில் நின்ற அரண்மனை வைத்தியர் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நஞ்சு இல்லையா இது?" என்றான் அரசன்.

"எனக்கு இல்லை, அரசே."

"என்ன?"

"எனக்கு நஞ்சு இல்லை."

அவைக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவன் சிரித்தான். அரசன் முகம் இருண்டது. "என் தகப்பன் செத்ததால் கட்டிய மணியை விளையாட்டுக்கு அடித்திருக்கிறாய். சட்டம் உனக்குத் தெரியும். யானையைக் கொண்டுவாருங்கள்."

இதைக் கேட்டும் தத்தை வாய் திறக்கவில்லை. காலையில் வாய் மூடியது வேறு. இப்போது வாய் மூடியது வேறு. காலையில் தனக்காக மூடினாள். இப்போது அவள் மனத்தில் தன் தலை இல்லை. கிண்ணத்தின் ஈர விளிம்பு மட்டும்தான் இருந்தது. எவ்வளவு உள்ளே போனது? ஒரு மிடறா? இரண்டா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும், பிறகு யானை வரட்டும் என்று நின்றாள்.

யானை வந்தது. மண்டபத்துக்கு வெளியே சங்கிலி உரசும் சத்தம் கேட்டது.

அரியணைக்குப் பின்னால் ஒரு திரை உண்டு. அந்தத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். அரசி ஆம்பல்தேவி. அரசி அவைக்கு நடுவே வந்து அந்த நாடு பார்த்ததே இல்லை. அமைச்சர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தூணைப் பார்த்தார்கள்.

"யானையைத் திருப்பி அனுப்புங்கள். அவள் பொய்யாக மணி அடிக்கவில்லை. அந்த மருந்து எனக்கு வந்தது" என்றாள் அரசி.

"உனக்கா?" என்றான் அரசன்.

"அவளுக்கு நஞ்சு இல்லை. எனக்கு நஞ்சு. ஏன் என்று உங்களுக்குப் புரியவில்லையா? திரைக்குப் பின்னால் எனக்குப் புரிந்துவிட்டது." அவள் கை தன்னை அறியாமல் வயிற்றுக்குப் போனது.

மருதவேள் எழுந்துவிட்டான். எழுந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

"முதல்முறை சொன்னேன். மறுநாளே முரசு அறைந்தீர்கள். பிள்ளை தங்கவில்லை. இரண்டாம்முறை சொன்னேன். தோரணம் கட்டினீர்கள், புலவர்கள் பாடினார்கள். அதுவும் தங்கவில்லை. ஊர்க்கண் பட்டது என்றார்கள். இந்த முறை ஐந்து மாதம் நிறையும்வரை உங்களுக்கும் சொல்வதில்லை, வைத்தியரிடம் கை நீட்டுவதில்லை என்று இருந்தேன். பெயர் சொல்லாதே என்று வஞ்சியிடம் சத்தியம் வாங்கினேன். மறைத்தால் பிழைக்கும் என்று நினைத்தேன். மறைத்தே கொல்ல இருந்தேன்."

தத்தை முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "தாயே, எவ்வளவு குடித்தீர்கள்?"

"ஒரு வாய் எடுத்தேன். வாயிலேயே இருந்தது. மணி அடித்தது. துப்பிவிட்டேன்."

தத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள்.

அரசன் தான் கூப்பிட்ட யானையைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? யானை வந்த பிறகுமா சொல்லக்கூடாது?"

"அது நான் சொல்லக்கூடிய சொல் இல்லை, அரசே" என்றாள் தத்தை. "நான் கேட்கக்கூடிய சொல் ஒன்று இருந்தது. குடிக்கப்போவது யார் என்று காலையில் ஒரு சொல் கேட்டிருந்தால், இந்த மணியும் இல்லை, யானையும் இல்லை. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். கேட்கக் கூச்சப்பட்டேன். அரண்மனைக்கு மரியாதை செய்வதாக நினைத்தேன். ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன்."

அப்போது அரசி இருமினாள். அது மெய்யான இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள்.

"வேறு மருந்து இருக்கிறதா?" என்றான் அரசன். அரசன் குரலாக இல்லை அது.

"இருக்கலாம். அதற்கு முன் நான் கேட்க வேண்டும்."

"கேள்."

தத்தை அவையைச் சுற்றிப் பார்த்தாள். அமைச்சர்கள், படைத்தலைவர்கள், புலவர்கள், தடியனும் இளைஞனுமான அந்த இரண்டு காவலர்கள், வாசலில் துதிக்கையை ஆட்டிக்கொண்டு யானை. கழுத்து தோளுக்குள் போகப் பார்த்தது. அவள் அதை விடவில்லை.

"இவர்கள் எல்லோரும் வெளியே போகட்டும்" என்றாள்.

அரசன் கை அசைத்தான். அமைச்சர்கள் போனார்கள். படைத்தலைவர்கள் போனார்கள். புலவர்கள் போக மனமில்லாமல் போனார்கள். யானையைப் பாகன் பின்பக்கமாக நடத்திக்கொண்டு போனான்.

அரசன் மட்டும் நின்றான்.

"நானுமா?"

"நீங்களுந்தான், அரசே. வெளியே நில்லுங்கள். முரசுக்காரனிடம் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள்."

மருதவேள் போனான். கதவை அவனே சாத்தினான். வஞ்சி விசும்பிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தத்தை அரசியைத் தரையில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். எத்தனை மாதம்? எப்போது இருமல் வருகிறது? படுத்தாலா, எழுந்தாலா? சளி உண்டா, வறட்டா? முன்னிரண்டு முறையும் என்ன நடந்தது, யார் என்ன கொடுத்தார்கள்? கேட்க வெட்கமாக இருந்ததையும் கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்ததையும் அரசி சொன்னாள். வெளியே நாட்டையே ஆள்கிறவர்கள் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை.

மழைக்காலம் முடியும்போது அரசிக்குப் பெண் பிறந்தாள். பொல்லாத வாயாடியாக வளர்ந்தாளாம்.

கேட்டவர்களே, மனத்தில் வையுங்கள்: கேட்க வேண்டிய கேள்வியைக் கூச்சத்தால் விழுங்குகிறவர், தாம் அறியாமலே பிறர் உயிரோடு விளையாடுகிறார்.